சனிக்கிழமை ஸ்பானர் – 14: எண்ணெய் ஒழுகுனா கை வைக்காதீங்க



ரெண்டு வாரமா இந்தப் பக்கம் வர முடியல. லேப்ல ஆணி ஜாஸ்தி. புடுங்கப் புடுங்க புதுசா முளைக்குது. சனிக்கிழமை ஸ்பானர் ஒரு வழியா நின்னு போச்சுடான்னு நிம்மதியா இருந்தவங்களுக்கு ஒரு வருத்தமான செய்தி: திரும்ப வந்தாச்சு :-)

இந்த வாரம் நம்ம சொந்தக் கடைச் சரக்கு. டொரண்டோவுல நான் மாஸ்டர்ஸ் பண்றது மெக்கானிக்கல்ல. அதுலயும், ஒரு ஹைட்ராலிக் பம்ப்பு எப்போ படுக்கப் போகுதுன்னு முன்கூட்டியே கண்டுபிடிக்கறதுதான் தீசிஸ். ஊர்ல யாராவது கேட்டா எங்கம்மா "எண்ணெய் பம்பு படிக்கறான்"னு சொல்லிருவாங்க. பையன் கனடா போயி பெட்ரோல் பங்க்ல நிக்கறான்னு எங்க தெருவுல பாதிப் பேரு முடிவே பண்ணிட்டாங்க. அவ்வ்வ்வ்.

டிஸ்கி: இருபது வருஷம் ஸ்பானர் புடிச்ச மெக்கானிக்குகளுக்குப் பாடம் எடுக்கற பதிவு இல்லீங்க இது. வேடிக்கை பாக்கற நமக்காக. ஒவ்வொரு வண்டிக்கும் அதோட மேனுவல்ல என்ன போட்டிருக்கோ அதுதான் வேதவாக்கு.

சரி, மேட்டருக்கு வருவோம்.

ரோட்டோரம் ஜேசிபி குழி தோண்டறத நின்னு வேடிக்கை பாக்காத தமிழன் உண்டா? நம்மூர்ல இந்த வண்டிகளுக்கு மூணு பேரு. ஜேசிபி, பொக்லைன், ஹிட்டாச்சி. மூணுமே கம்பெனி பேருதான். ஜேசிபிங்கறது ஜோசப் சிரில் பாம்ஃபோர்டுங்கற இங்கிலாந்துக்காரரோட பேரின் சுருக்கம். பொக்லைன் பிரெஞ்சு கம்பெனி. ஹிட்டாச்சி ஜப்பான். பேரு என்னவா இருந்தாலும் அந்த இரும்புக் கையத் தூக்கறது எல்லாத்துலயும் ஒண்ணேதான். எண்ணெய்.

மூடி வச்ச திரவத்த ஒரு இடத்துல அமுக்குனா, அந்த அழுத்தம் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி போகும்னு பாஸ்கல் 17ஆம் நூற்றாண்டுலயே சொல்லிட்டுப் போயிட்டாரு. அத வச்சு ஜோசப் பிராமாங்கறவரு 1795ல ஹைட்ராலிக் பிரஸ்ஸுக்கு பேட்டண்ட் வாங்குனாரு. இன்னிக்கு ஒரு பெரிய எக்ஸ்கவேட்டர்ல எண்ணெய் 350 பார் வரைக்கும் அழுத்தத்துல ஓடுது. உங்க கார் டயர்ல இருக்கறது ரெண்டே கால் பார். அதப் போல நூத்தம்பது மடங்கு. 10 சென்டிமீட்டர் குறுக்களவு இருக்கற ஒரு சிலிண்டர், அதாவது ஒரு சின்ன சொம்பு சைஸு, 350 பார்ல 28 டன் எடையத் தள்ளும். கணக்குப் போட்டுப் பாத்துக்குங்க.

இந்த 350 பாரை ஞாபகம் வச்சுக்குங்க. பின்னாடி வேற விதமா இது வரும்.

ஒரு ஊரையே நிறுத்துன எண்ணெய்

முதல்ல டொரண்டோ கதை. நான் இங்க வந்து சேர்றதுக்கு முன்னாடி நடந்தது. ஆனா ஹைட்ராலிக்ஸ்னு வாயத் திறந்தா இந்த ஊர்க்காரங்க இன்னும் இதத்தான் சொல்றாங்க.

2024 மே 13, திங்கட்கிழமை. சப்வேயில ரெண்டாம் நம்பர் லைன், ப்ளூர்–டான்ஃபோர்த். ராத்திரி ரயில் ஓடாத நேரத்துல தண்டவாளப் பராமரிப்பு வேலைக்குன்னு தனியா சில வண்டிகள் சுரங்கத்துக்குள்ள போகும். அதுல ஒரு வண்டியில இருந்து ஹைட்ராலிக் எண்ணெய் தண்டவாளத்துல கொட்டிருச்சு. இரும்புச் சக்கரம், இரும்புத் தண்டவாளம், நடுவுல எண்ணெய். பிரேக் புடிச்சா ரயில் நிக்குமா? நிக்காது. அதனால நகரத்துக்கு நடுவுல இருக்கற பகுதிய மூடிட்டாங்க. வாரத்தோட முதல் நாள், பகல் பூரா ரயில் இல்ல. ஆளுங்கள ஷட்டில் பஸ்ஸுல அடைச்சு அனுப்பிக்கிட்டு இருந்தாங்க.

ஒரே ஒரு நாள் கூத்தா இருந்திருந்தா எல்லாரும் மறந்திருப்பாங்க. ஆனா அந்த வருஷம் ஜனவரியில இருந்தே இதே மாதிரி பராமரிப்பு வண்டிகள்ல பல தடவை எண்ணெய் கசிஞ்சிருக்கு. அதுக்கப்புறம்தான் டி.டி.சி. அந்த வண்டிகளப் பரிசோதனைக்கு எடுத்து, வெளி ஆளுங்கள வச்சும் ஆராய்ச்சி பண்ணாங்க.

இதுல யாரு மேல தப்புங்கற பஞ்சாயத்து நமக்கு வேணாம். எனக்கு இதுல புடிச்ச பாடம் வேற. ஒரு ஹோஸ் வெடிச்சா அது ரிப்பேர் வேலை. புது ஹோஸ் போடு, எண்ணெய் ஊத்து, வண்டிய எடு. ஆனா அஞ்சு மாசத்துல திரும்பத் திரும்ப கசிஞ்சா, ஹோஸ மட்டும் மாத்திக்கிட்டு இருக்கக் கூடாது. ஏன் கசியுதுன்னு உக்காந்து கேக்கணும். ரிப்பேருக்கும் பராமரிப்புக்கும் வித்தியாசம் அந்த ஒரு கேள்விதான்.

திருச்செங்கோட்டு வாத்தியாரு

அந்தக் கேள்விய எனக்குக் கத்துக் கொடுத்தது எந்தப் பேராசிரியரும் இல்ல. எங்க மாமா. அம்மாவோட தம்பி.

நாங்க திருச்செங்கோட்டுப் பக்கம். நாமக்கல் மாவட்டம். இந்தியாவுல எந்த மாநிலத்துல போர் போட்டாலும் அங்க ஒரு திருச்செங்கோட்டு வண்டி நிக்கும்னு சொல்லுவாங்க. கர்நாடகா, ஆந்திரா, மகாராஷ்டிரா, மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான்னு மாசக் கணக்குல வண்டியோடவே சுத்துவாங்க. ரெண்டு லாரி ஒரு செட்டு. ஒண்ணு போர் போடற ரிக் வண்டி, இன்னொண்ணு கூடவே போற சப்போர்ட் வண்டி. பாறைய உடைக்கற ஹேமர் காத்துல ஓடும். அதுக்கு கம்ப்ரஸர் தனி. ஆனா ராடத் தூக்கறது, எறக்கறது, சுத்தறது, வண்டிய மட்டம் பண்ணி நிறுத்தற ஜாக்கி எல்லாம் ஹைட்ராலிக். மாமா அந்த வண்டிகளுக்கு மெக்கானிக். வண்டி எங்க நின்னாலும் பஸ் புடிச்சுப் போயி பாத்துட்டு வருவாரு.

வண்டி நின்னுச்சுன்னா மாமா உடனே ஸ்பானர எடுக்க மாட்டாரு. முதல்ல ஆப்பரேட்டரக் கூப்புட்டு வச்சு நாலு கேள்வி கேப்பாரு. அந்த நாலும் எனக்கு மனப்பாடம்.

ஒண்ணு: "எல்லாமே மெதுவாப் போகுதா, ஒண்ணு மட்டுமா?" எல்லாமே மெதுவுன்னா கோளாறு எல்லாத்துக்கும் பொதுவான இடத்துல இருக்கு. டேங்க், சக்சன் லைன், பில்டர், பம்ப்பு, மெயின் ரிலீஃப் வால்வு. ஒரே ஒரு ஜாக்கி மட்டும் மக்கர் பண்ணுதுன்னா பம்ப்பத் திட்டிப் புண்ணியமில்ல. அந்த ஜாக்கியோட சிலிண்டர், வால்வு, ஹோஸ் மூணுல ஒண்ணு.

ரெண்டு: "காலையிலயே இப்படித்தானா, சூடானப்புறமா?" காலையில நல்லா இருந்து மத்தியானம் சோந்து போனா, எண்ணெய் இளகி உள்ளுக்குள்ளயே எங்கயோ தப்பிக்குதுன்னு அர்த்தம். காலையிலதான் தகராறு, போகப் போக சரியாயிருதுன்னா எண்ணெய் கெட்டியா இருக்கு, இல்ல பம்ப்புக்கு எண்ணெய் உறிஞ்சறதுல கஷ்டம்.

மூணு: "திடீர்னா, கொஞ்சம் கொஞ்சமாவா?" திடீர்னா எதோ உடைஞ்சிருக்கு, இல்ல எங்கயோ சிக்கியிருக்கு. கொஞ்சம் கொஞ்சமான்னா தேய்மானம்.

நாலு: "கடைசியா யாரு எதக் கழட்டுனீங்க?" இந்தக் கேள்விக்கு மட்டும் யாருமே டக்குன்னு பதில் சொல்ல மாட்டாங்களாம் ;-)

இதோட இன்னொண்ணும் சேத்துக்குங்க. இது நான் இங்க கிளாஸ்ல படிச்சது, மாமாவுக்கு அனுபவத்துலயே தெரிஞ்சது. பம்ப்பு குடுக்கறது ஓட்டத்த மட்டும்தான். அழுத்தம் எதிர்ப்புல இருந்து வருது. தோட்டத்து ஹோஸ்ல தண்ணி சும்மா விழுகும். வாயக் கட்டை விரலால அடைச்சாத்தான் பீச்சியடிக்கும், இல்லையா? அதே கதை. அதனால கை மெதுவா நகந்தா ஓட்டம் குறையுதுன்னு தேடணும். வேகமாப் போகுது, ஆனா லோடு தூக்க மாட்டேங்குதுன்னா அழுத்தம் எங்க போகுதுன்னு தேடணும். ரெண்டையும் போட்டுக் குழப்பிக்கறவங்கதான் தேவையில்லாம பம்ப்பு வாங்கறாங்க.

பம்ப்பு மேல பழி

போன வருஷம் நடந்தது இது. மாமா போன் பண்ணாரு. இங்க ராத்திரி பன்னண்டு மணி.

"ஏங்கண்ணு, தூங்கிட்டயா? வண்டி ஒண்ணு மத்தியானமானா ராடத் தூக்க மாட்டேங்குது. ஓனரு பம்பு போயிருச்சு, புதுசு போட்டுருங்கங்கறாரு. எனக்கு மனசு ஒப்பல."

"காலையில எப்படி மாமா?"

"காலையில ராசா மாதிரி தூக்குதப்பா."

"எண்ணெய் சூடு என்ன இருக்குதுங்க மாமா?"

"டேங்க்ல கை வைக்க முடியல."

பம்ப்பு விலை லட்சக் கணக்குல. ஓனருக்கு ஏற்கனவே வண்டி மேல கடன். போர் போடாத ஒவ்வொரு நாளும் அவருக்கு வட்டி, ஆளுங்களுக்குச் சாப்பாடு. அவசரப்படறது நியாயம்தான். ஆனா பம்ப்பு நிஜமாவே தேஞ்சிருந்தா அதுக்கு அறிகுறி இருக்கும். பிஸ்டன் பம்ப்புல உள்ள கசியற எண்ணெய டேங்குக்குத் திருப்பி அனுப்பற சின்ன லைன் ஒண்ணு உண்டு. கேஸ் டிரெயின்னு சொல்லுவாங்க. அந்த லைன்ல வழக்கத்த விட எவ்வளவு ஜாஸ்தி வருதுன்னு அளந்தா பம்ப்போட உடம்பு எப்படி இருக்குன்னு தெரிஞ்சிரும். அளந்தாங்க. பெருசா ஒண்ணும் இல்ல.

அப்புறம் கூலரப் பாத்தாரு மாமா. பாறைத் தூளு அப்பி, காத்துப் போற சந்தே தெரியல. கழுவுனாரு. கொஞ்சம் தேவலை. ஆனாலும் மூணு மணிக்கு மேல அதே சோர்வு.

கடைசியில சூட்ட அளக்கற துப்பாக்கி ஒண்ணு வாங்கச் சொன்னேன். லேசர் புள்ளி வரும் பாருங்க, அது. (கொரோனா காலத்துல நெத்தியில காட்டுனாங்களே, அந்த ஜுரம் பாக்கற மிஷின் இதுக்கு ஆகாது. உடம்புச் சூட்டத் தாண்டி அது காட்டாது.) அத வச்சு லைன் லைனாப் புடிச்சுக்கிட்டே போனாரு. எல்லாக் குழாயும் கிட்டத்தட்ட ஒரே சூடு. ரிலீஃப் வால்வுக்குப் பின்னாடி மட்டும் தனியா எகிறுது.

விஷயம் இதுதான். ரிலீஃப் வால்வுங்கறது பிரஷர் குக்கர் வெயிட் மாதிரி. அளவு மீறுனா மட்டும் திறந்து எண்ணெய டேங்குக்கு விடணும். அதுக்குள்ள ஒரு துணுக்கு மாட்டி முழுசா மூடாம நின்னிருக்கு. எண்ணெய் வேலை செய்யாம குறுக்கு வழியில டேங்குக்கு ஓடுது. வேலை செய்யாம அழுத்தம் எறங்குனா அது அப்படியே சூடா மாறும். நிமிஷத்துக்கு 20 லிட்டர் 200 பார்ல இப்படித் தப்பிச்சுப் போனா ஆறரை கிலோவாட்டுக்கு மேல சூடு. டேங்குக்கு அடியில மூணு இண்டக்‌ஷன் அடுப்ப வச்ச மாதிரி. சூடு ஏற ஏற எண்ணெய் இளகும். இளக இளக எல்லாச் சந்துலயும் இன்னும் ஜாஸ்தி கசியும். அதுதான் மத்தியானச் சோர்வு.

வால்வக் கழட்டி, துணுக்க எடுத்து, சுத்தம் பண்ணி மாட்டுனாரு. அன்னிக்கு சாயங்காலமே வண்டி ஓடிருச்சு. பம்ப்பு அதே பம்ப்புதான்.

இதுல கவனிக்க வேண்டியது ஒண்ணு இருக்கு. இந்த மாதிரி பலம் குறையறப்போ நிறையப் பேரு பண்றது, ரிலீஃப் வால்வு ஸ்க்ரூவ ரெண்டு சுத்து டைட் பண்றது. கேஜ் வைக்காம, கண்ண மூடிக்கிட்டு. அப்போதைக்கு வண்டி தூக்கிரும். ஆனா அந்த வால்வு இருக்கறதே ஹோஸும் சிலிண்டரும் வெடிக்காமப் பாத்துக்கத்தான். வீட்ல குக்கர் வெயிட்டு மேல கல்லத் தூக்கி வைப்பீங்களா?

குளிரும் வெயிலும்

மாமாவுக்கும் எனக்கும் நடக்கற பெரிய சண்டை எண்ணெயப் பத்தித்தான். எண்ணெய் டின்ல 32, 46, 68ன்னு ஒரு நம்பர் போட்டிருப்பாங்க. 40 டிகிரி சூட்டுல அந்த எண்ணெய் எவ்வளவு கெட்டிங்கற அளவு அது. நம்பர் ஏற ஏற கெட்டி ஜாஸ்தி. நாமக்கல் வெயில்ல 68 போட்டு ஓட்டறத ஜனவரி மாசம் டொரண்டோவுல போட்டா, மைனஸ் 20ல அது தேன் மாதிரி உறைஞ்சு நிக்கும். பம்ப்பு உறிஞ்சும், எண்ணெய் வராது. சக்சன்ல வெற்றிடம் உண்டாகி குமிழி குமிழியா வரும். அந்தக் குமிழி அழுத்தத்துல பட்டு நொறுங்கும்போது இரும்பையே கொறிச்சு எடுத்துரும். சத்தம் தனியாத் தெரியும். தகர டப்பாவுல ஜல்லியப் போட்டு ஆட்டுன மாதிரி.

அதனாலதான் இங்க பனி அள்ற வண்டி ஆளுங்க காலையில வண்டிய ஸ்டார்ட் பண்ணிட்டு உடனே வேலைய ஆரம்பிக்க மாட்டாங்க. லோடு இல்லாம, மெதுவா, ஒவ்வொரு சிலிண்டரையும் கொஞ்சம் கொஞ்சமா நகத்தி எண்ணெயச் சூடு பண்ணுவாங்க. வேடிக்கை பாக்கறப்போ சும்மா விளையாடற மாதிரி இருக்கும். அது விளையாட்டு இல்ல.

குளிருக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. பகல்ல சூடு, ராத்திரி உறைபனின்னு மாறி மாறி வந்தா டேங்குக்குள்ள காத்துல இருக்கற ஈரம் வேர்த்து எண்ணெயில எறங்கும். எண்ணெய் பால் மாதிரி வெளுத்தா தண்ணி கலந்திருக்கு. நுரை கட்டி நின்னா காத்து புகுந்திருக்கு. கருத்துப் போயி கருகுன வாசம் வந்தா சூட்டுல வெந்திருக்கு. ஒரு கண்ணாடி பாட்டில்ல கொஞ்சம் புடிச்சு, அரை மணி நேரம் வெளிச்சத்துல வச்சுப் பாத்தாலே பாதி நோய் தெரிஞ்சுரும்.

கண்ணுக்குத் தெரியாத எதிரி

ஆனா டொரண்டோவோ திருச்செங்கோடோ, ரெண்டு ஊருக்கும் பொதுவான வில்லன் ஒருத்தன் இருக்கான். தூசி.

நம்ம தலைமுடி தோராயமா 70 மைக்ரான் தடிமன். கண்ணுக்குத் தெரியற சின்னத் தூசி 40 மைக்ரான் பக்கம். பம்ப்புக்குள்ளயும் வால்வுக்குள்ளயும் இருக்கற சந்து பத்து மைக்ரானுக்கும் கீழ. அதாவது கண்ணுக்கே தெரியாத தூசிதான் பம்ப்பக் கொல்லுது. எண்ணெய் பாக்க பளபளன்னு இருக்குங்கறது ஒரு சாட்சியே இல்ல. புது பேரல்ல வர்ற எண்ணெய் கூட அப்படியே ஊத்தற அளவுக்குச் சுத்தம் கிடையாது. பில்டர் வழியா ஊத்தணும்.

போர் வண்டியில தூசி பத்திச் சொல்லவே வேணாம். பாறைய மாவாக்கற வண்டி. சிலிண்டர் ராடு வெளிய வரும்போது மேல படியற தூள வழிச்சு விடறதுக்குன்னே வாயில ஒரு சீல் இருக்கும். அது கிழிஞ்சா ஒவ்வொரு தடவை ராடு உள்ள போகும்போதும் பாறைத் தூளையும் கூட்டிக்கிட்டுப் போகும். பத்து நூறு ரூபா சீலு. அதக் கவனிக்காம விட்டா போறது லட்ச ரூபா பம்ப்பு.

ஹோஸக் கழட்டுனா ரெண்டு முனையையும் மூடி போட்டு அடைக்கணும். மூடி இல்லைன்னா சுத்தமான பிளாஸ்டிக் கவரச் சுத்திக் கட்டலாம். கழிவுத் துணிய வாயில திணிக்கறது ரொம்பத் தப்பு. அந்தத் துணியோட நூலு நேரா வால்வுல போயி உக்காரும். மாமா கழட்டுன பில்டரத் தூக்கி எறிய மாட்டாரு. அறுத்து மடிப்பப் பிரிச்சுப் பாப்பாரு. பித்தளை மினுக்கு இருந்தா பம்ப்பு உள்ள தேயுது. கருப்பு ரப்பர்த் துணுக்கு இருந்தா எங்கயோ சீல் கிழியுது. டாக்டருக்கு ரத்தப் பரிசோதனை மாதிரி இவருக்கு பழைய பில்டர்.

இனிமே சொல்றதுதான் முக்கியம்

இதுவரைக்கும் சொன்னதெல்லாம் பணம் சம்பந்தப்பட்டது. மறந்தாலும் பரவால்ல.

ஹோஸ்ல ஊசி முனை அளவுக்கு ஓட்டை விழுந்தா எண்ணெய் சொட்டாது. புகை மாதிரி, பனி மாதிரி பீச்சும். பல சமயம் கண்ணுக்கே தெரியாது. ஹோஸ் ஈரமா இருக்கு, ஓட்டை எங்கன்னு தெரியல. உடனே என்ன பண்ணுவோம்? கையால தடவிப் பாப்போம். மனுஷப் புத்தி அப்படித்தான்.

மாமா கூட வேலை பாத்த ஒரு ஹெல்பர் தம்பி. வடக்கே இருந்து வந்தவரு, இருபத்தி ரெண்டு வயசு. வண்டி ஓடிக்கிட்டு இருக்கும்போது ஹோஸத் தடவியிருக்காரு. ஆள்காட்டி விரல்ல சுருக்குன்னு ஒரு குத்து. பாத்தா சின்னப் புள்ளி. ரத்தம் கூட வரல. வலியும் பெருசா இல்ல. கழுவிட்டு வேலையப் பாத்திருக்காரு. ராத்திரி விரலு வீங்கி, மறுநாள் காலையில கையே மரத்துப் போச்சு. ஆஸ்பத்திரிக்குப் போயி முள்ளு குத்திருச்சுன்னு சொல்லியிருக்காரு. இந்தியும் தமிழும் கலந்து அவ்வளவுதான் சொல்ல வந்திருக்கு. அங்கயும் முள்ளு குத்துனதுக்கு என்ன மருந்தோ அதக் குடுத்து அனுப்பிட்டாங்க. மூணாவது நாள் வேற ஆஸ்பத்திரி. ரெண்டு விரல எடுக்க வேண்டியதாப் போச்சு.

ஏன்னா அது குத்து இல்ல. ஊசி. கிட்டத்தட்ட 7 பார் அழுத்தமே தோலத் துளைக்கப் போதும்னு சொல்றாங்க. இங்க ஓடறது 200, 300, 350. நான் ஞாபகம் வச்சுக்கச் சொன்ன நம்பர் இதுதான். அந்த அழுத்தத்துல எண்ணெய் தோலுக்குள்ள புகுந்து, நரம்பு, தசைநார் வழியா விரல்ல இருந்து உள்ளங்கை வரைக்கும் ஓடிரும். வெளிய ஒரு புள்ளி மட்டும் தெரியும். உள்ள திசு செத்துக்கிட்டே இருக்கும். கையுறை போட்டிருந்தாலும் தடுக்காது. சில மணி நேரத்துக்குள்ள அறுவை சிகிச்சை பண்ணி உள்ள இருக்கறத சுத்தம் பண்ணாத்தான் விரல் தப்பும்.

அதனால:

- கசிவத் தேட அட்டைத் துண்டு, இல்ல மரப் பலகை. நீளமான குச்சியில கட்டி, ஹோஸ் பக்கத்துல காட்டுனா எண்ணெய் பட்ட இடம் நனையும். கை மட்டும் கிட்டயே போகக் கூடாது.

- குத்துன மாதிரி தெரிஞ்சா, வலி இல்லைனாலும் அந்த நிமிஷமே அறுவை சிகிச்சை வசதி இருக்கற ஆஸ்பத்திரிக்குப் போகணும். "முள்ளு"ன்னு சொல்லக் கூடாது. "அதிக அழுத்தத்துல ஹைட்ராலிக் எண்ணெய் கைக்குள்ள ஏறிருச்சு"ன்னு சொல்லணும். எண்ணெய் டின்ன போட்டோ புடிச்சுக் காட்டணும்.

- எந்த நட்டையும் லூஸ் பண்றதுக்கு முன்னாடி, தூக்கி நிக்கறத எல்லாம் தரைக்கு எறக்கணும். இன்ஜின நிறுத்திட்டு, மேனுவல்ல சொன்னபடி லீவர எல்லாப் பக்கமும் ஆட்டி உள்ள நிக்கற அழுத்தத்த விடணும். இன்ஜின் நின்னா அழுத்தமும் போயிருச்சுன்னு நினைக்கக் கூடாது. அக்குமுலேட்டர் இருக்கற வண்டியில அது உள்ளயே காத்துக்கிட்டு இருக்கும்.

- தூக்கி நிக்கற டிப்பர் தொட்டிக்கு அடியில, பூமுக்கு அடியில, இரும்பு முட்டுக் குடுக்காம தலைய நீட்டக் கூடாது. தொட்டியத் தூக்கி நிறுத்தியிருக்கறது எண்ணெய் மட்டும்தான். ஒரு ஹோஸ் போனா கத்தறதுக்குக் கூட நேரம் இருக்காது.

இங்க ஒண்டாரியோவுல இந்த வேலை படிச்சு, பயிற்சி முடிச்சு வர்ற தொழில். 421ஏன்னு ஒரு நம்பரே குடுத்து வச்சிருக்காங்க, கனரக வாகன டெக்னீஷியனுக்கு. ஸ்கார்பரோவுல நம்மாளுங்க நிறைய இருக்கற பகுதியிலயே சென்டென்னியல் காலேஜோட ஆஷ்டன்பீ வளாகத்துல இதச் சொல்லித் தர்றாங்க. ஆபத்துன்னு தோணுனா வேலைய மறுக்கற உரிமையும் தொழிலாளிக்குச் சட்டத்துல இருக்கு. அப்படி இருந்தும் இந்த ஊருலயும் விபத்து நடக்குது.

நம்மூர் ஹெல்பருக்கு இதுல ஒண்ணும் இல்ல. சேந்த அன்னிக்கே கையில ஸ்பானரக் குடுத்துருவாங்க. தொழில் அருமையாக் கத்துக்குவாங்க, அதுல சந்தேகமே இல்ல. எங்க மாமாவே ஹெல்பரா ஆரம்பிச்சவருதான். காதுல கேட்டே பம்ப்போட வயசச் சொல்லுவாரு. ஆனா தடவிப் பாக்கக் கூடாதுன்னு அவருக்கு யாரும் சொல்லிக் குடுக்கல. அந்தத் தம்பியோட விரல் போனப்புறம்தான் அவருக்கே தெரியும். இப்ப அவரு டூல் பாக்ஸ்ல எப்பவும் ஒரு அட்டைத் துண்டு இருக்கு. புதுசா வர்ற ஹெல்பருக்கு முதல் நாள் ஸ்பானர் தர்றது இல்ல. அட்டையத்தான் தர்றாரு. தமிழ்லயும், அவருக்குத் தெரிஞ்ச உடைஞ்ச இந்தியிலயும் விளக்கிச் சொல்றாரு.

என் தீசிஸ் முடிஞ்சா பம்ப்புல சென்சார் மாட்டி, அது எப்போ கெட்டுப் போகும்னு கம்ப்யூட்டர் சொல்லும். நல்லதுதான். ஆனா ஒரு வண்டி தரையில எண்ணெய் சொட்டிக்கிட்டு நிக்கும்போது அதுவே ஒரு செய்தியச் சொல்லிக்கிட்டுதான் இருக்கு. சென்சார் வாங்கக் காசில்லாத வண்டிதான் நம்மூர்ல ஜாஸ்தி. அவங்களுக்கு நாலு கேள்வியும் ஒரு அட்டையும் போதும்.

பதிவுலக மக்களே, உங்க வீட்டுப் பக்கம் போர் வண்டியோ, ஜேசிபியோ, டிப்பரோ, ஹைட்ராலிக் இருக்கற டிராக்டரோ வச்சிருக்கற மாமா, சித்தப்பா, பக்கத்து வீட்டு அண்ணன் யாராவது இருப்பாங்க. பாஸ்கல், மைக்ரான் எல்லாம் அவங்களுக்குச் சொல்ல வேணாம். "எண்ணெய் ஒழுகுனா கை வைக்காதீங்க, அட்டை வச்சுப் பாருங்க. குத்திருச்சுன்னா வலிக்கலைனாலும் உடனே ஆஸ்பத்திரி." இவ்வளவு மட்டும் போன் போட்டுச் சொல்லிருங்க. முடிஞ்சா இன்னிக்கே.

அடுத்த சனிக்கிழமை: பனிக்காலத்துல டீசல் ஏன் ஜெல்லி மாதிரி உறையுது? ஆணி விட்டா பாப்போம் :-)